காய்ச்சல் விட்டும் களைப்பு விடாத பிள்ளைகள்

செஞ்சியில் வளரும் பிள்ளைக்கு ராஜகிரி மலை ஏறுவது பெரிய காரியமில்லை. விடுமுறை நாளில் காலையில் ஏறி, லுஹருக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அப்படி ஓடியாடிய பிள்ளை கொரோனா வந்து போனபின் மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறது என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியுமா? நம் வீடுகளில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கொரோனா பெரும்பாலோருக்குச் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மட்டும் காய்ச்சல் போன பிறகும் தொல்லைகள் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கிலும் நீடிக்கின்றன. இதைத்தான் ‘லாங் கோவிட்’ என்கிறார்கள். இந்தப் பெயரை வைத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, அவதிப்பட்ட நோயாளிகள்தான். இங்கிலாந்தில் சாமி மெக்ஃபார்லண்ட் என்ற தாயும் அவருடைய மகளும் தேறாமல் தவித்தார்கள். அந்தத் தாய் 2020-இல் இத்தகைய பிள்ளைகளின் குடும்பங்களுக்காக ‘லாங் கோவிட் கிட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பெரியவர்களுக்கும், 2023 பிப்ரவரியில் பிள்ளைகளுக்கும் இந்நோய்க்கான விளக்கத்தை வெளியிட்டது. தொற்று கண்ட மூன்று மாதத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அதை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதிய அனுபவமும் அல்ல. 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் எத்தனை பேர் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்! அவர்களை யாரும் நடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. லாங் கோவிட் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பல நேரம் சரியாகவே இருக்கும். இதுதான் என்று உறுதியாகக் காட்டும் தனிப் பரிசோதனையும் இல்லை.

அமெரிக்காவில் 2022-இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பின்படி, நூறு பிள்ளைகளில் 1.3 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்குப் பதின்மூன்று பேருக்கு, எப்போதாவது இந்தப் பாதிப்பு இருந்திருக்கிறது. சிறிய எண்ணிக்கைதான். பெரும்பாலான பிள்ளைகள் காலப்போக்கில் தேறியும் விடுகிறார்கள். ஆனால் தேறும்வரை அந்த வீடு படும் பாட்டைச் சதவீதத்தில் சொல்ல முடியாது.

வயதுக்கு வயது அறிகுறிகள் மாறும். அங்கேயே ‘ரெக்கவர்’ என்ற பெரிய ஆய்வு 2024-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, மறதி, கவனச் சிதறல், புதிதாக வந்த பயங்கள் அதிகம் தெரிந்தன. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பகல் நேரச் சோர்வு, உடம்புவலி, வாசனையும் ருசியும் தெரியாமல் போவது ஆகியவை அதிகம். சிறு பிள்ளை தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுதால், பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைப்பதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

குடும்பத்தார் அதிகம் தடுமாறுவது ஒரே விஷயத்தில்தான். திங்கட்கிழமை பிள்ளை நன்றாக விளையாடுகிறது. செவ்வாய், புதன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. “விளையாட மட்டும் தெம்பு வருதா?” என்று கேட்கிறோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தா போனில், “வெளியே அனுப்பு, ஓட விடு, சரியாகிடும்” என்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்நோய் உள்ள பலருக்கு, சக்திக்கு மீறிய உழைப்பின் பலன் அன்றே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மொத்தமாகப் படுக்கையில் தள்ளும். நீண்ட நேரம் படிப்பதும் உழைப்புக் கணக்கில்தான் சேரும். உடம்பில் இருக்கிற தெம்புக்கு மேல் கடன் வாங்கிச் செலவழித்தால், உடல் வட்டியோடு வசூலிக்கும். இந்த வட்டிக்காரனிடமிருந்து யாரும் தப்ப முடியாது!

ஆகவே அளவறிந்து செலவழிப்பதுதான் வழி. களைத்த பின் ஓய்வு என்றில்லாமல், களைப்பதற்கு முன்பே ஓய்வு கொடுங்கள். ஒரு நோட்டில் அன்றன்று செய்த வேலை, தூங்கிய நேரம், தொல்லை இருந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று வாரத்தில் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று தெரிந்துவிடும். மருத்துவருக்கும் அந்த நோட்டு பெரிய உதவி.

நின்று தொழ முடியாத பிள்ளை உட்கார்ந்து தொழட்டும். நோயாளி நோன்பைப் பிற்படுத்த மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணேறு என்று முடிவுகட்டி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

காரணம், எல்லாச் சோர்வும் லாங் கோவிட் அல்ல. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய் ஆகியவற்றிலும் பிள்ளை இப்படியே துவளும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் செஞ்சி அரசு மருத்துவமனையில் காட்டி இவற்றைப் பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது புதுச்சேரி ஜிப்மர் செல்லலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

பள்ளி விஷயத்தில் நமக்குக் கவலை அதிகம். ஊரடங்கில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. விட்ட பாடத்தைப் பிடிக்க அரசு நம் விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பின்தங்கிய அந்தக் காலத்தில், நோயால் பின்தங்கிய பிள்ளை தனியாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பையன் என்றால் அடி கிடைக்கிறது. பெண் பிள்ளை என்றால், “படிப்பு ஏறல, நிறுத்திடலாம், மாப்பிள்ளை பார்க்கலாம்” என்கிறார்கள். மறதியும் கவனமின்மையும் நோயின் அறிகுறி என்று சற்று முன்தான் பார்த்தோம். அறிவு குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. பெண்ணின் படிப்பை நிறுத்தும் முன் தயவுசெய்து ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்றுடன் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். விளையாட்டு வகுப்பில் ஓய்வு, அரை நாள் வருகை, குறைந்த வீட்டுப்பாடம் எல்லாம் கேட்கக்கூடியவையே. மதரஸாவிலும் உஸ்தாதிடம் சொல்லிவையுங்கள்.

சில வீடுகளில் நோயாளி பிள்ளையல்ல, அம்மா. அப்போது அடுப்பும் தம்பி தங்கையும் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. அந்த மகளின் வருகைப் பதிவேட்டையும் யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும். மாமியோ சித்தியோ வாரத்தில் இரண்டு நாள் சமைத்துக் கொடுத்தால் அவள் பள்ளிக்குப் போவாள்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, மனம் தளர்ந்தால் 14416, இரண்டும் இலவச எண்கள். மருத்துவமனைக்குப் போய்வரச் செலவுக்கு இல்லாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் பொறுப்பாளர்களிடம் சொல்லுங்கள். பெண்கள் வீட்டிலிருந்தே சொல்லியனுப்பலாம். பெயர் வெளியே போகாது.