கோட்டை மான் கனடா போவது எப்படி?

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான் மேய்கிறது. படமெடுத்து, “இண்டைக்கும் நிக்குது” என்று ரொறன்ரோ நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பல மெகாபைட் படம் நொடிகளில் எப்படிப் போகிறது?

அனுப்புமுன் செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. ஜேபெக் (JPEG) என்ற சுருக்கும் முறையில் படம் 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டமும் மெதுவாகவும் வேகமாகவும் ஏறியிறங்கும் அலைகளின் கலவையாக எழுதப்படும். வெளிச்ச வேறுபாட்டைக் கூர்ந்து காணும் நம் கண், நிறத்தின் நுண்மாற்றங்களையும் மிக வேகமான அலைகளையும் அவ்வளவாகக் கவனிக்காது. கழிபடுவது பெரும்பாலும் அவைதான். கடலுக்கு மேலுள்ள நீல வானத்துக்குச் சில எண்கள் போதும். மானின் புள்ளிகளுக்கும் புல்லுக்கும்தான் இடம் கூடுதலாக வேண்டும்.

படத்தை இப்படி அலைகளாக எழுதும் அழகான கணிதத்தை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், அவருடைய சகாக்கள் நடராஜனும் ராவும்.

சுருக்கும்போது கழிந்தது திரும்பாது. அதனால் அம்மம்மாவின் பழைய படத்தை மட்டும், சுருங்காமல் போக, ‘ஆவணமாக’ அனுப்புங்கள்.