கும்மிடிப்பூண்டிக்கு எந்த சூட் துணி?

லேசா இருக்கணும், சீக்கிரம் தேயக் கூடாது. தினமும் சூட் போட்டு வேலைக்குப் போகிறவர்கள் கேட்பது இந்த ரெண்டும்தான். பாலியஸ்டர்-விஸ்கோஸ் துணி இதற்குச் சரியாக வரும், விலையும் குறைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி இடத்துக்கு என்றால் நான் இன்னொன்றும் கேட்பேன்: உலைப் பக்கம் போவீங்களா?

அங்கே இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. பாலியஸ்டர் சுமார் 250–260 டிகிரி செல்சியஸில் உருகும். தீப்பொறி பட்டால் தோலோடு ஒட்டிக் காயத்தை ஆழமாக்கும். கம்பளி உருகாது, எளிதில் பற்றாது.

கம்பளின்னதும் ஸ்வெட்டர் நினைப்பு வேண்டாம். ‘டிராபிகல் உல்’ காற்றோட்டமான சாதா நெசவு. ஒரு மீட்டர் நீளத்துக்கு 240–270 கிராம் எடையில் பாருங்க. இரட்டை இழை முறுக்கிய நூல் உழைக்கும். ‘சூப்பர்’ எண் ஏற ஏற இழை மெலியும். தினசரிக்கு 100–110 போதும். பேண்ட்தான் முதலில் தேயும் என்பதால் ஒரு கோட்டுக்கு ரெண்டு தைத்துக்கொள்ளுங்க.

சந்தேகமா? ஓரத்து நூலைக் கொளுத்துங்க. முடி கருகும் வாசனையோடு பொடிந்தால் கம்பளி; கெட்டி மணியா உருண்டால் பாலியஸ்டர்.

எந்த சூட்டும் பாதுகாப்பு உடை ஆகாது. உலைக்குக் கிட்டே போனால் ஆலை தரும் உடையைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்.