'கே.ஜி.' வகுப்பில் தோட்டம் எங்கே?

"குழந்தை என்ன படிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்.கே.ஜி.", "யு.கே.ஜி." என்று பெற்றோர் பெருமையோடு சொல்வார்கள்.

அந்த 'கே.ஜி.'க்கு என்ன பொருள் தெரியுமா?

'கிண்டர்கார்டன்' என்பதன் சுருக்கம் அது. அது ஜெர்மன் மொழிச் சொல். 'கிண்டர்' என்றால் குழந்தைகள். 'கார்டன்' என்றால் தோட்டம். 'குழந்தைகள் தோட்டம்' என்பதே அதன் பொருள்.

அழகுக்காக மட்டும் வைத்த பெயர் அல்ல இது. அந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே தோட்டம் இருந்தது. குழந்தைகள் மண்ணைக் கொத்தினார்கள். விதை போட்டார்கள். தண்ணீர் ஊற்றினார்கள்.

அதைத் தொடங்கியவர் பெயர் பிரடெரிக் புரோபல்.

தாயை இழந்த பிள்ளை

ஜெர்மனியில் துரிங்கியா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்தில் 1782-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி புரோபல் பிறந்தார். தந்தை பாதிரியார்.

புரோபலுக்கு ஒரு வயது நிறைவதற்குள் தாய் இறந்து விட்டார். சிற்றன்னை வந்தார். தனக்கு ஒரு குழந்தை பிறந்ததும் அவர் புரோபலைக் கவனிக்கவில்லை. தந்தைக்கோ ஓயாத வேலை. தனிமையில் வாடிய சிறுவனுக்குச் செடி கொடிகளே துணை ஆயின.

15 வயதில், காடுகளைப் பராமரிக்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மரங்களையும் செடிகளையும் பற்றி அங்கே தானாகவே படித்துக் கற்றார். பிறகு ஆசிரியர் ஆனார்.

ஆளுக்கு ஒரு பாத்தி

அந்தக் காலத்தில் சிறு குழந்தைகளைப் பற்றிப் பள்ளிக்கூடங்கள் கவலைப்படவில்லை. "ஆறு வயது ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருந்து விட்டார்கள்.

புரோபல் அப்படி நினைக்கவில்லை. 1837-ம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்ற ஊரில், சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஓர் இடம் தொடங்கினார். விளையாட்டு, பாட்டு, மரக்கட்டைகள் இவைதான் பாடம். 1840-ம் ஆண்டு அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டினார்.

தோட்டத்துக்கு அவர் ஒரு திட்டம் வகுத்தார். குழந்தைக்கு ஒரு பாத்தி. இடம் போதாவிட்டால் இருவருக்கு ஒன்று. அதில் அந்தக் குழந்தை தன் விருப்பம்போல் எதையும் நடலாம். செடியின் பெயரையும் குழந்தையின் பெயரையும் எழுதிக் குச்சியில் மாட்ட வேண்டும்.

குழந்தைகளின் பாத்திகளைச் சுற்றிப் பொதுத் தோட்டம். அதில் பூச்செடிகளும் காய்கறிகளும் இருக்கும். அதை எல்லாரும் சேர்ந்து கவனிக்க வேண்டும்.

தன் பாத்தியில் குழந்தை பொறுப்பைக் கற்கும். பொதுத் தோட்டத்தில் ஒற்றுமையைக் கற்கும். குச்சியில் மாட்டிய பெயரைப் பார்த்து எழுத்தையும் கற்கும்!

அரசாங்கம் போட்ட தடை

இவ்வளவு நல்ல பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஆபத்து!

1851-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரஷிய அரசாங்கம் கிண்டர்கார்டனுக்குத் தடை விதித்தது. "குழந்தைகளிடம் நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் வளர்க்கிறார்கள்" என்பது குற்றச்சாட்டு.

புரோபல் திடுக்கிட்டார். அவர் கடவுள் பக்தி மிக்கவர். அவருடைய அண்ணன் மகன் கார்ல் புரோபல் வேறொரு நூல் எழுதியிருந்தார். இருவரையும் அரசாங்கம் குழப்பிக் கொண்டது. புரோபல் விளக்கம் அளித்தும் பயன் இல்லை.

அடுத்த ஆண்டு, 1852-ல், ஜூன் 21-ந் தேதி புரோபல் காலமானார். தடை நீங்கியதை அவர் பார்க்கவில்லை. 1860-ம் ஆண்டில்தான் தடை நீங்கியது.

ஆனால் விதை வீண் போகவில்லை. அவருடைய முறையைக் கற்ற பெண்கள் அதை வெளிநாடுகளுக்குக் கொண்டு போனார்கள். 1851-ல் லண்டனிலும், 1856-ல் அமெரிக்காவிலும் கிண்டர்கார்டன் பள்ளிகள் தோன்றின.

மாண்டிசோரி அம்மையாரும் குழந்தைகளைச் செடி வளர்க்கச் சொன்னார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அவரேதான். விதை போட்டுக் காத்திருக்கும் குழந்தை பொறுமையைக் கற்கிறது என்பது அவர் கருத்து.

செடிக்கு மார்க் கிடையாது

இன்று 'கே.ஜி.' என்ற பெயர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. தோட்டம்தான் பல இடங்களில் இல்லை. நான்கு வயதுக் குழந்தை பரீட்சைக்குப் பயப்படுகிறது. "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று வீட்டிலும் பேச்சு.

செடி அப்படிப் பேசாது. அதற்கு மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. செடி பட்டுப் போனால் குழந்தை பெயில் ஆகி விடாது. ஏன் பட்டது என்று யோசிக்கும். தண்ணீர் அதிகமா? வெயில் இல்லையா? மறுபடி ஒரு விதை போடும். தோற்றால் மீண்டும் முயலலாம் என்ற தைரியம் அப்போது வருகிறது.

வீட்டில் தோட்டம் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு பழைய டப்பா போதும். அடியில் இரண்டு துளை போடுங்கள். மண் நிரப்புங்கள். அவரை விதையை இரவு ஊறவைத்து, காலையில் குழந்தையின் கையால் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும். கீரை விதை தூவினால் ஒரு மாதத்தில் பறித்துச் சமைக்கலாம்.

தினம் செடியை அளக்கச் சொல்லுங்கள், அது கணக்கு. அளந்ததை எழுதச் சொல்லுங்கள், அது பாடம். புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தாய்மாரும் குழந்தையோடு உட்கார்ந்து எழுதலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குழந்தை தண்ணீர் ஊற்ற மறந்தால், நீங்கள் ரகசியமாக ஊற்றி விடாதீர்கள். வாடிய இலையைக் குழந்தையே பார்க்கட்டும். மறுநாள் அதுவே செம்பைத் தேடி எடுக்கும்.

டப்பாவின் மேல் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். புரோபல் சொன்ன 'குழந்தைகள் தோட்டம்' உங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று இருக்கட்டுமே!