மடிக்கணினிக்குள் ஒரு விக்கி

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, திறமூல மென்பொருள். யாரும் அதன் நிரலைத் திருத்தி அனுப்பலாம். ஆனால் அது ஓட பிஎச்பி, தரவுத்தளம், வலை வழங்கி எல்லாம் பொருத்தமான பதிப்பில் வேண்டும். புதியவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

அதற்காக வந்தது மீடியாவிக்கி-வேக்ரண்ட் என்ற ஆயத்த மேம்பாட்டுச் சூழல். வெர்ச்சுவல்பாக்ஸ், கிட், வேக்ரண்ட் மூன்றையும் நிறுவி, களஞ்சியத்தை நகலெடுத்து, அமைவு நிரலை ஓட்டி, ‘வேக்ரண்ட் அப்’ என்று கட்டளையிட்டால் டெபியன் லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினி ஒன்று எழும். மற்றதை பப்பெட் என்ற தானியங்கு அமைவுக் கருவி நிறுவிவிடும். முதல்முறை பொறுமை வேண்டும், நினைவகமும் தாராளமாக வேண்டும். நிரல் கோப்புகள் இரு கணினிகளும் பகிரும் கோப்புறையில் இருப்பதால் பழகிய எடிட்டரிலேயே திருத்தி, உலாவியில் பார்க்கலாம். எல்லாம் குழம்பினால் ‘வேக்ரண்ட் டெஸ்ட்ராய்’ என்று கட்டளையிட்டு மெய்நிகர் கணினியையே அழித்துவிடலாம். சொந்தக் கணினிக்குச் சேதமில்லை.

பிற்பாடு டாக்கர் கொள்கலன்கள் இந்த வேலையை இலகுவாக்கின. ஆனால் லினக்ஸில் கொள்கலன்கள் தாய்க்கணினியின் கர்னலையே (இயங்குதளத்தின் உட்கருவையே) பகிர்வதால், கர்னலைத் திருத்துவோருக்கு மெய்நிகர் கணினியே இன்றும் வசதி.