வாடகையில் வளர்ந்த அறம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கும் இடையே சில நிமிட நடைதான். இரண்டுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் ஒதுக்கியது ஒரே ஆண்டில், 1801இல். கம்பெனி கொடுத்தது வெறும் மனை. அதில் கட்டடம் எழுப்பி, விளக்கேற்றி, இரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்து வருவது தனிமனிதர்களும் சமூகமும் விட்டுச்சென்ற கொடை. கலைக்கும் சமூகப் பணிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போய்ச் சேருகிறது என்று புரிந்துகொள்ள இந்தத் தெருக்களே போதும்.

கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடியேற்றியபோது, சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குப் பக்கத்துக் கெடா ஏற்கெனவே பழகிய துறை. சூலியர் எனப்பட்ட அவர்கள் விரைவிலேயே தீவில் குடியேறினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சூலியர்கள் நிலையாக வாழ்வதாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து போவதாகவும் 1794இல் லைட் எழுதினார். அந்தச் சமூகத்தின் கப்பித்தான், அதாவது தலைவர், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்கான். பள்ளிவாசலுக்குக் கிடைத்த 18 ஏக்கர் அவர் காலத்தது. 1834இல் மறைந்த அவர், தம் சொத்தில் ஒரு பகுதியை அறப்பணிக்கென்று வக்பு செய்துவிட்டே போனார்.

வக்பின் ஏற்பாடு எளிமையானது. ஒருவர் வீட்டையோ நிலத்தையோ பொதுக்காரியத்துக்கு எழுதி வைத்துவிட்டால், பிறகு அதை விற்கவோ வாரிசுகள் பங்கு பிரிக்கவோ கூடாது. அறங்காவலர் அதை வாடகைக்கு விடுவார். வாடகை தொழுகைத்தலத்துக்கோ பள்ளிக்கோ ஏழைகளின் உணவுக்கோ போகும். முதல் கரையாது, வரவு மட்டுமே செலவாகும். இன்று உலகெங்கும் பெரிய அறவாரியங்கள் பங்குச்சந்தையில் முதலீடு செய்து அதன் வருமானத்திலிருந்து மானியம் தருவதும் இதே ஏற்பாட்டில்தான். பினாங்கில் பங்குகளின் இடத்தில் கடைவீடுகள் இருந்தன.

நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு வேறொரு வழக்கம் இருந்தது. வணிக வரவில் ஒரு சிறு விகிதத்தை மகமையாக ஒதுக்கிக் கோயிலுக்கும் பொதுக்காரியத்துக்கும் செலவிடுவார்கள். தண்ணீர்மலை அடிவாரத்தில் 1857இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும், 1894இல் வந்த வெள்ளி ரதமும் அத்தகைய கூட்டுக் கொடையின் பலன்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து ரதம் புறப்படும்போது அதன் முன்னும் பின்னும் நாதஸ்வரமும் தவிலும் உருமியும் முழங்குகின்றன. கலைக்கென்று தனிக் கணக்கு இல்லாத காலத்தில் கலைஞர்களை வாழவைத்தவை இத்தகைய திருவிழாக்களே.

எது அறம் என்பதில் ஆங்கிலேய நீதிமன்றத்துக்கு வேறு கணக்கு இருந்தது. பினாங்கிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற ஒரு வழக்கில், முன்னோர் சடங்குக்காக ஒரு சீனப் பெண்மணி விட்டுச்சென்ற வீடு பொது அறமாகாது என்று 1875இல் தீர்ப்பானது. அந்தச் சடங்கால் குடும்பத்துக்குத்தான் பயன், ஊருக்கு இல்லை என்பது நீதிபதிகளின் வாதம். கந்தூரி விருந்துக்காக விடப்பட்ட தமிழ் முஸ்லிம் சொத்துகளும் இதே கேள்வியை எதிர்கொண்டன. கொடுத்தவர் மனத்தில் அறமாக இருந்தது, சட்டத்தின் முன் தனிச்சொத்தாகிவிட்டது.

இன்னொரு நோய் உள்ளேயே இருந்தது. கணக்கு காட்டாத அறங்காவலர்களின் கையில் பல சொத்துகள் சிதைந்தன. அதற்கு மருந்தாக 1905இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டம் வந்தது. அதன்படி அமைந்த வாரியம் சொத்துகளைக் கையிலெடுத்து, வாடகையை முறைப்படுத்தி, கணக்கு எழுதத் தொடங்கியது. அவ்வாரியத்தின் பணியாக 1910களில் ஹென்றி நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை இன்றைய முகலாயப் பாணிக் குவிமாடங்களோடு விரிவாக்கினார். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்ததுதான் இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியம். கோயில் நிர்வாகத்தோடு மாணவர்களுக்குக் கல்வி உதவியும் வழங்கி வருகிறது.

பழைய முறைக்குப் பக்கத்தில் 2009இல் புதியதொரு முறை வந்து சேர்ந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் நீங்கியதும், பல தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஜார்ஜ் டவுனைவிட்டு வெளியேறினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது. பெருமை வந்தது, பராமரிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல், திங்க் சிட்டி என்ற துணை நிறுவனத்தை 2009இல் தொடங்கி, 2 கோடி ரிங்கிட்டில் ஜார்ஜ் டவுன் மானியத் திட்டத்தை நடத்தியது.

மானியம் என்பது நன்கொடை போல ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. என்ன வேலை, யாருக்குப் பயன், எவ்வளவு செலவு என்று விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் ஒப்பந்தம் போட்டு, வேலை நகர நகரத் தவணையாகப் பணம் வரும். கட்டடச் சீரமைப்பில் ஒரு பங்கை உரிமையாளரும் போட வேண்டும். இந்தக் கண்டிப்பால் கைத்தொழிலும் பிழைத்தது. பழைய கடைவீட்டுச் செங்கல் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் ஈரத்தை வெளியே விடும். மரபு முறையில் பூசினால்தான் மானியம் என்றால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு மறுபடி வேலை வருகிறது.

கட்டடங்களோடு நூல், ஆவணம், பயிற்சி ஆகியவற்றுக்கும் இத்தகைய மானியம் வழி திறந்தது. ஜார்ஜ் டவுனில் இதன் அருமையை உணர்ந்த அமைப்பு ஆர்ட்ஸ்-எட். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜானட் பிள்ளை 1999இல் தொடங்கிய கலைக்கல்வி முயற்சி அது. பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய்ச் சந்தைக்காரரிடமும் கைவினைஞரிடமும் கதை கேட்டு, அதை நாடகமாகவும் நடனமாகவும் செய்து ஊருக்கே காட்டினார்கள். நுழைவுச்சீட்டு விற்று நடத்தக்கூடிய வேலையல்ல இது.

இப்படி நிபந்தனையோடு தரும் கொடைக்கு அண்டை நாட்டில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. ரப்பர் வணிகர் லீ கோங் சியான் 1952இல் சிங்கப்பூரில் லீ அறவாரியத்தை நிறுவினார். மறு ஆண்டே தேசிய நூலகம் அமைக்க 3,75,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழி நூல்களுக்கும் இடம் வேண்டும் என்பன அவர் நிபந்தனைகள். தமிழ் வாசகருக்கும் அந்த நிபந்தனையால் அலமாரி கிடைத்தது. மலேசியத் தமிழ்ச் சூழலில் டான்ஸ்ரீ சோமா மொழி இலக்கிய அறவாரியம் அனைத்துலகப் புத்தகப் பரிசு தருகிறது. அது பெரிய ஊக்கம். ஆனால் பரிசு எழுதி முடித்தவரைத் தேடி வருவது. எழுதவோ கற்கவோ தொடங்குபவருக்கு மானியம்தான் கைகொடுக்கும்.

மானியத்துக்கும் எல்லை உண்டு. ஓராண்டோ ஈராண்டோ கழிந்ததும் நின்றுவிடும். உருமி அடிக்கவோ தவில் வாசிக்கவோ ஒரு பையனுக்குக் கற்றுத்தர அதைவிட நீண்ட காலம் வேண்டும். நீளும் தன்மை பழைய கொடைக்கு உண்டு, திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒழுங்கு புதிய மானியத்துக்கு உண்டு. ஜார்ஜ் டவுனில் கோயில், பள்ளிவாசல், சீனக் குலச் சங்கங்கள் ஆகியவற்றிடம் இன்றும் வாடகை தரும் சொத்துகள் இருக்கின்றன. அந்த வரவில் ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கைக் கலை பயிலும் இளைஞர்களுக்கென ஒதுக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலும் வாங்கி, கலை அறிந்த நடுவர்களை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுக்கு உறுதி தரலாம். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடவும் வேண்டும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை, கொடையின் நோக்கம் இடம்தரும் இடங்களில் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் தொடங்கிவிடலாம்.