கல்லுக்கு நடுவே விரலகலம்

எங்கள் திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் தாத்தா பாவிய கருங்கல் இன்றும் அதே கல்தான். மூன்று தலைமுறையில் மாறியதெல்லாம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள விரலகலச் சந்து.

தாத்தா காலத்தில் அதில் அடைத்தது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரைச் சிப்பியையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்து, மணல் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைப்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். வருஷக்கணக்கில் நடக்கிற வேலை அது. வெயிலில் கல் விரிந்தால் காரை கொஞ்சம் இடம் கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே படிந்து அதை அடைத்துவிடும். பெயர்ந்த இடத்தில் மட்டும் ஆச்சி சித்திரையில் ஆள்விட்டுப் பூசச் சொல்வாள்.

பக்கத்திலே தாழையூத்தில் 1949-இல் சிமென்ட் ஆலை வந்தது. அப்பா தலையெடுத்த நாளில் சுண்ணாம்பு அரைக்கிற ஆட்களே அருகிவிட்டார்கள். பழைய காரையை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, சந்தெல்லாம் சிமென்ட் பாயிண்டிங் செய்தார். கோடு போட்டாற்போல் அழகாக இருந்தது.

இரண்டு கோடை தாங்கியது. அக்கினி நட்சத்திரத்தில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும் கல்லில் திடீரென்று மழை விழுந்தால் கல் சட்டென்று சுருங்கும். சிமென்ட் வளைந்து கொடுக்காது. கல்லோரத்தில் நூலாகப் பிரிந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, மேலே உப்புப் பூத்தது. சில கற்களின் விளிம்பும் சில்லுசில்லாகத் தெறித்தது. சிமென்டைக் குறை சொல்ல மாட்டேன். தூணுக்கும் கூரைக்கும் அதைப்போல வருமா? இடம்தான் தவறு. கல்லைவிட மெத்தென்றதுதான் சந்தில் இருக்க வேண்டும். உடைந்தாக வேண்டுமென்றால் சந்து உடையட்டும்; அரைநாள் கூலியில் சரியாகிவிடும். தாத்தா காலத்துக் கல்லுக்கு ஜோடிக் கல் எந்தக் குவாரியில் தேடுவது?

இன்று கடைக்குப் போனால் எபாக்ஸி, பாலிமர் மணல் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எபாக்ஸி சமையலறை டைலுக்கு அருமை. திறந்த முற்றத்து வெயிலில் மஞ்சளடிக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாது. பாலிமர் மணலைக் காய்ந்த கல்மேல் கொட்டிப் பெருக்கி, குத்தி இறக்கி, பூவாளியால் நனைத்தால் இறுகும். கல்மேல் தூசி மிஞ்சினால் வெள்ளையாகப் படரும். ஒருநாள் முழுக்க மழை கூடாது; ஆகவே நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் அதைத் தொடவே வேண்டாம்.

எதை அடைப்பது என்பதைக் கல்லுக்கு அடியில் இருப்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மணல் படுகை என்றால் கிரஷர் மணலே போதும், மழை மண்ணுக்குள் இறங்கும். 2003-இல் அரசு எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்களும் மூலையில் குழி வெட்டினோம். அத்தனை பெரிய முற்றத்தை மட்டும் மூடியே வைத்திருந்தோம் என்பது இப்போது வலிக்கிறது. அடியில் கான்கிரீட் என்றால் சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. எங்கள் முற்றத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட பழைய படுகை. அதற்குக் காரைதான்.

போன மாதம் சிமென்டைக் கொத்தி எடுத்தோம். "சிமென்ட்னா ஒரே நாள்ல முடிஞ்சிரும் அண்ணாச்சி, இதுக்குப் போய் ஒரு வாரமா?" என்றார் இளம் கொத்தனார். தாளித்த சுண்ணாம்பை அவர் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் கரணை அவருக்கு வசப்பட்டுவிட்டது. சந்தை அழுத்தி அழுத்தி நிரப்பினார்.

ஆறாம் நாள் ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்த்தேன். இன்னும் தடம் விழுந்தது. சாக்கை நனைத்து மறுபடி மேலே விரித்தேன்.