நிலப் பயன்பாட்டு மாற்றமும் மக்களின் குரலும்

ஜொகூர் மாநிலத்தில் அமைந்துள்ள பண்டார் தெங்காரா தானாக வளர்ந்த ஊரன்று. திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நகரம். 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா இதனை உருவாக்கியது. நகரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

இத்தகைய தோட்ட நிலத்தில் ஒருவர் வீடமைப்புப் பகுதி அமைக்க விரும்பினால், உடனே கட்டுமானத்தைத் தொடங்கிவிட முடியாது. அதற்கு அவர் இரண்டு படிகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, நிலத்தின் வகை. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூவகையாகப் பிரிக்கிறது. விவசாய நிலத்தில் வீடுகள் கட்ட, அதன் வகையை மாற்றுமாறு மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிலப்பட்டா ஒருவர் கையில் இருப்பதனால் மட்டும் இந்த உரிமை வந்துவிடாது.

இரண்டாவது, திட்ட அனுமதி. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஊராட்சி மன்றமே இதனை வழங்கும். வீடு, கடை, தொழிற்சாலை, திடல் ஆகியவை எங்கெங்கு அமைய வேண்டும் என்பதை உள்ளூர்த் திட்டம் வரையறுக்கிறது. அத்திட்டத்திற்கு முரணான மேம்பாட்டிற்கு மன்றம் அனுமதி தர இயலாது. அவ்வாறாயின், முதலில் திட்டத்தையே திருத்த வேண்டும். திருத்த வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது அவர்கள் தங்கள் ஆட்சேபங்களைத் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பப்படும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம்.

இவ்வுரிமை ஏன் முக்கியம்? கோலாலம்பூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை கூறுகிறது. கூட்டரசுப் பிரதேசத்திற்குத் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு. எனினும், அங்கு எழுந்த கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. நகரின் கட்டமைப்புத் திட்டமோ அவ்விடத்தைப் பசுமைப் பகுதியாகக் காட்டியிருந்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திட்டத்திலிருந்து விலகும்போது அதற்கான காரணத்தைக் கூற வேண்டும் என்றும் பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே இடத்தில், புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாண்டுகளாக நீள்வீடுகளில் வாழ்ந்து வந்தன. அவர்களுள் பலர் இந்தியர்கள். ரத்தான திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்கா காக்கப்பட்டது, ஆனால், அவர்களின் வீட்டுக் கனவு மேலும் தள்ளிப்போனது.

ஆகவே, நிலப் பயன்பாட்டை மாற்றுவது வெறும் காகித வேலையன்று. பசுமையும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டையும் நியாயமாகச் சமன்செய்வதற்கு, முடிவெடுக்கும் முன்பே அனைவரின் குரலையும் கேட்பது அவசியம். நம் வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டத்தை அறிந்து வைத்திருப்பது அதற்கான முதற்படியாகும்.